மலருக்குள் இருந்த கனி

பூவின் மணத்தோடு பேரி, பீச், பிளம் போன்ற பழங்களின் மணத்தையும் சேர்த்துக் கோக்கும் வாசனைத் திரவியங்களைப் பிரெஞ்சு நறுமணக் கலையில் மலர்-கனி வகை என்பர். ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலைப் பிழிந்தால் தைலம் கிடைக்கும். பீச்சையோ பேரியையோ பிழிந்தால் சாறு வருமே தவிர, திரவியத்தில் சேர்க்கத் தக்க தைலம் வராது. இதனால் இவ்வகையில் பூ வயலிலிருந்து வர, பழம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் உருவாகிறது. பழமணத்தை இளையோரைக் கவரும் இனிப்புப் பூச்சு என ஒதுக்கும் போக்கு இதிலிருந்தே எழுந்தது. பூவின் வேதியியலை அறிந்தால் அந்த மதிப்பீடு நிலைக்காது.

1908இல் ரஷ்ய வேதியியலாளர்கள் ஆக்கிய காமா-அன்டெகாலாக்டோன் என்னும் பொருள் கனிந்த பீச்சைப் போல மணப்பது. வளைய வடிவில் அமைந்த எஸ்டரே லாக்டோன் எனப்படும். வணிகத்தில் இதற்கு வழங்கும் ‘ஆல்டிஹைடு சி-14’ என்ற பெயரோ முற்றிலும் பொருந்தாதது, ஏனெனில் இது ஆல்டிஹைடும் அன்று, இதிலுள்ள கார்பன் அணுக்களும் பதினொன்றே. ஜாக் கெர்லேன் 1919இல் வெளியிட்ட ‘மிட்சுகோ’வில் இதனை ஓக் மரப்பாசியின் ஈரமான, மண்சார்ந்த மணத்தின் மேல் வைத்தார். போர்க்காலப் பாரிசில் எட்மோன் ருட்னிட்ஸ்கா அமைத்து 1944இல் வெளிவந்த ‘ஃபாம்’ பிளம்மின் செறிவைக் கொண்டது. இவ்விரண்டிலும் பழம் பாசியின் நிழலில்தான் நின்றது. பூவோடு அதற்கு நெருங்கிய உறவு ஏற்படவில்லை.

அந்த உறவை வெளிக்கொணர்ந்தது ரோஜா. ஜெனீவாவின் ஃபிர்மெனிக் நிறுவன ஆய்வாளர்கள் பல்கேரிய ரோஜா எண்ணெயைப் பகுத்து, டமாஸ்கெனோன் என்ற பொருளை அதில் கண்டனர். எண்ணெயில் 0.2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே இருந்தும் ரோஜாவின் மணத்தில் பெரும்பங்கு வகிக்கும் இப்பொருளைத் தனியே முகர்ந்தால், வேகவைத்த ஆப்பிளும் பிளம்மும் நினைவுக்கு வரும். மல்லிகையிலும் இதே நிலைதான்: அதன் மணத்தில் முதன்மையான பென்சைல் அசிட்டேட் பேரியையும் வாழைப்பழத்தையும் ஒத்தது, அதிலுள்ள ஜாஸ்மின் லாக்டோன் பீச்சின் சாயல் கொண்டது. பழம் பூவுக்கு அயலானது அன்று, பூவுக்குள்ளேயே இருந்தது. சோஃபியா குரோஸ்மன் லாங்கோம் நிறுவனத்துக்காக 1990இல் படைத்த ‘டிரெசோர்’, ரோஜாவையும் பீச்சையும் பிரித்தறிய முடியாதபடி இழைத்தது இந்த உண்மையின் மீதுதான்.

1999இல் டியோர் வெளியிட்ட, காலிஸ் பெக்கர் அமைத்த ‘ஜாடோர்’ இம்மரபின் மிகச் சீரான வடிவம் எனலாம். முகர்வதற்கென வெட்டிய தாள்துண்டில் ஒரு சொட்டு விட்டால், முதலில் எழுவது குளிர்ந்த பேரியும் முலாம்பழமும். சில நிமிடங்களில் அவை விலகிப் போவதில்லை; மல்லிகையும் இலாங்-இலாங்கும் மேலெழும்போது அவற்றின் சதைப்பற்றாக மாறி நிற்கின்றன. எங்கே பேரி முடிந்து மல்லிகை தொடங்கியது என்று காட்ட இயலாத அந்த இடமே பெக்கரின் திறமைக்குச் சான்று. மணிக்கணக்கில் கழிந்த பின் தாளில் எஞ்சுவது மென்மையான கஸ்தூரிச் சாயல்.

இத்திரவியத்தின் மல்லிகையில் ஒரு பகுதி இந்தியாவின் குண்டுமல்லி. தமிழ்நாட்டில் காலையில் மொட்டாகப் பறிக்கப்படும் இப்பூ மாலையில் இதழ் விரிந்த பின்னரே முழு மணம் தருவதால், ஆலைகளில் சாறெடுக்கும் வேலை இரவில் நடக்கிறது. ஹெக்சேன் என்ற கரைப்பானால் பூவிலிருந்து பிரியும் மெழுகு போன்ற பொருளைக் ‘கான்கிரீட்’ என்றும், அதை ஆல்கஹாலில் கழுவிப் பெறும் செறிவை ‘அப்சொல்யூட்’ என்றும் அழைப்பர். பிரான்சின் கிராஸ் நகரத்தின் புகழ்பெற்ற மல்லிகையோ தமிழர் ஜாதிமல்லி என்றும் பிச்சி என்றும் சூடிய அதே இனமே.

புட்டியின் பெயர் மாறாதிருப்பினும் உள்ளிருப்பது மாறிவரும் கலை இது. மலர்த் திரவியங்களில் லில்லி-ஆஃப்-தி-வாலி மணத்துக்கெனப் பரவலாகப் பயன்பட்ட லிலியால் என்ற பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2022 மார்ச்சில் தடை விதித்ததால், பல பழைய கலவைகளைத் திருத்தி எழுத நேர்ந்தது. டியோரின் நறுமணப் பொறுப்பை 2021இல் ஏற்ற பிரான்சிஸ் குர்க்ஜியான், 2023இல் ‘லோர் தெ ஜாடோர்’ என்ற புதிய வடிவை மலர்களையே முன்னிறுத்தி அமைத்தார். பழத்தின் குரலை எவ்வளவு தாழ்த்தினாலும், மல்லிகை இருக்கும் வரை பேரியின் சாயல் அதனூடே கேட்டுக்கொண்டே இருக்கும்.