நம்ம அணி வீரரை நாமே வீழ்த்தலாமா?

2023 மே 10. ஐபிஎல்லில், சேப்பாக்கத்தில் டெல்லியைச் சென்னை வீழ்த்திய இரவு. 16 பந்தில் 21 ரன், பந்துவீச்சில் 19 ரன்னுக்கு ஒரு விக்கெட். ஆட்டநாயகன் விருதை வாங்க வந்த ரவீந்திர ஜடேஜாவிடம் பேட்டிங் வரிசையைப் பற்றிக் கேட்டார்கள். ஏழாவதாக இறங்கும்போதே ரசிகர்கள் தோனி பெயரைச் சொல்லித்தான் கத்துகிறார்கள்; இன்னும் முன்னால் இறங்கினால் நான் எப்போது அவுட் ஆவேன் என்று காத்திருப்பார்கள் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொந்த மைதானத்தில், சொந்த அணியின் சட்டையோடு நிற்கும் ஒருவர் சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அதே மாதக் கடைசியில் அகமதாபாத் இறுதிப்போட்டி. கடைசி இரண்டு பந்தில் 10 ரன் வேண்டும். மோகித் சர்மாவை ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி அடித்து ஐந்தாவது கோப்பையைச் சென்னைக்கு வாங்கிக் கொடுத்தவர் அதே ஜடேஜா. அவர் அவுட்டானால் கைதட்டிய கூட்டமும் அன்று அவர் பெயரைச் சொல்லித்தான் துள்ளியது. 2025 நவம்பரில் அவர் ராஜஸ்தான் அணிக்குப் போனார். சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். இனி நம்பர் ஏழில் யார் இறங்கினாலும் அவருக்கும் இதே காத்திருப்புதானா என்பதுதான் கேள்வி.

நல்லம்பள்ளியில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துக்குச் சென்னையைவிட பெங்களூரு பக்கம். வேலைக்கு ஓசூர், பெங்களூரு என்று போய்வரும் பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். அதனால் ஒரே தெருவில் மஞ்சள் சட்டையும் இருக்கும், சிவப்புச் சட்டையும் இருக்கும். இரு தரப்பும் ஒருவரையொருவர் கலாய்ப்பது ஆட்டத்தின் சந்தோஷம், அதில் தப்பே இல்லை. என் கவலை வேறு. மஞ்சள் சட்டைக்காரர் மஞ்சள் அணியின் வீரரையே கழுவி ஊற்றுவது, அவர் அவுட்டானதும் விசில் அடிப்பது, இதெல்லாம் டிவி முன்னாலும் செல்போனிலும் பழகிப்போய், இப்போது நம் ஊர் மைதானத்துக்கும் வந்துவிட்டது.

ஆட்டத்துக்குள் என்ன நடக்கிறது?

கூச்சலை மனவருத்தக் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. அது ஆட்டத்தையும் மாற்றுகிறது. 14-வது ஓவரில் ஒரு பேட்ஸ்மேன் இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆடுகளம் மெதுவானது. முதல் ஆறு பந்தில் ஆறு சிங்கிள் எடுத்தாலும் அணிக்கு அது நல்ல தொடக்கம். ஆனால் அரங்கம் முழுக்க அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கத்தினால், சிங்கிள் எடுக்க வேண்டிய பந்தையே தூக்கி அடிக்கத் தோன்றும். பந்து வீசுபவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? வேகத்தைக் குறைத்து, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒன்று போட்டால் போதும். எதிரணி கேப்டன் செலவில்லாமல் ஒரு கூடுதல் ஃபீல்டரைப் பெற்றுவிடுகிறார்.

2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பெங்களூருவிடம் சென்னை 50 ரன்னில் தோற்றது. அந்த மைதானத்தில் பெங்களூரு ஜெயித்தது 2008-க்குப் பிறகு அதுவே முதல்முறை. தோனி ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 எடுத்தார். ஆட்டம் கைவிட்டுப் போன பிறகு கடைசி ஓவரில் அவர் அடித்த சிக்ஸர்களுக்கு அரங்கம் அதிர்ந்தது. தோல்வியைவிட அந்தச் சிக்ஸர்கள் பெரிதாகத் தெரிந்த இரவு அது. அந்த சீசனில் சேப்பாக்கத்தில் ஆடிய ஆறு ஆட்டத்தில் முதல் ஆட்டத்தில் மும்பையை வென்றதோடு சரி, அடுத்த ஐந்தும் தோல்வி. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவரில் 103 ரன். ஹைதராபாத் அந்த மண்ணில் முதல்முறையாக ஜெயித்தது. 14 ஆட்டத்தில் நான்கே வெற்றியோடு அணி கடைசி இடத்துக்குப் போனது. அதன் வரலாற்றில் முதல்முறை.

இந்தத் தோல்விகளுக்கு ரசிகர்கள் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஏலத்தில் எடுத்த ஆட்களும், மந்தமான பவர்பிளேயும், காயங்களும்தான் காரணம். ஆனால் ஒரே ஒருவருக்காக மட்டும் எழும் சத்தம் மற்ற பத்துப் பேருக்கும் துணையாக நிற்காது. சொந்த மைதானம் தருகிற சாதகத்தில் கூட்டத்தின் குரலுக்கும் பங்கு உண்டு. சென்னை அந்த ஆண்டு அதைப் பாதிதான் பயன்படுத்திக்கொண்டது.

வான்கடே சொன்ன பாடம்

நம் நாட்டில் ஒரு கேப்டனைச் சொந்த ரசிகர்களே இந்த அளவு கூவி விரட்டியதற்கு 2024-ஐவிடப் பெரிய உதாரணம் சொல்வது கடினம். ரோகித் சர்மாவிடமிருந்து மும்பை அணியின் கேப்டன் பதவி 2023 டிசம்பரில் ஹர்திக் பாண்டியாவுக்குப் போனது. முடிவை எடுத்தது நிர்வாகம். அடி வாங்கியது ஹர்திக். அகமதாபாத்திலும் ஹைதராபாத்திலும் கேலி செய்தார்கள். ஏப்ரல் 1 அன்று மும்பையின் சொந்த வான்கடேயிலும் டாஸ் போட வந்தவரை அதே கூச்சல் வரவேற்றது. டாஸை நடத்திய சஞ்சய் மஞ்ச்ரேக்கர், கூட்டத்தைப் பார்த்து ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள் என்றே கேட்டுக்கொண்டார். பவுண்டரி அருகே நின்ற ரோகித்தும் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

அன்று மும்பை 20 ரன்னுக்கு 4 விக்கெட் இழந்து நின்றபோது இறங்கி, 21 பந்தில் 34 எடுத்தது அந்த ஹர்திக்தான். சீசன் முழுவதும் சேர்த்து அவர் எடுத்தது 216 ரன், 11 விக்கெட். மும்பையும் கடைசி இடம். அவர் சரியாக ஆடாததால் கூச்சலா, கூச்சலால் ஆட்டம் போனதா என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒன்று தெளிவு: முதல் பந்து வீசும் முன்பே தொடங்கிய கூச்சல், ஆட்டத்தைப் பார்த்து வந்த விமர்சனமாக இருக்க முடியாது.

மூன்று மாதம் கழித்து, ஜூன் 29. பார்படாஸில் டி20 உலகக்கோப்பை இறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு 24 பந்தில் 26 ரன் போதும். 27 பந்தில் 52 எடுத்து நின்ற கிளாசனை ஹர்திக் அவுட்டாக்கினார். கடைசி ஓவரில் 16 ரன்னைத் தடுத்தார். 20 ரன் கொடுத்து 3 விக்கெட்; இந்தியா 7 ரன்னில் வென்றது. ஜூலை 4 அன்று வெற்றி ஊர்வலம் முடிந்து வான்கடேக்கு வந்தபோது, அதே இடத்தில் கூட்டம் அவர் பெயரைச் சொல்லி ஆரவாரம் செய்தது.

ஹர்திக்கைக் கூவிய அந்த நாட்களில் நம் அஸ்வின் தன் யூடியூப் சேனலில் பேசியது சரியான பேச்சு. ரசிகர் சண்டை இந்த அளவு அசிங்கமாகப் போகக் கூடாது, இது சினிமாவிலிருந்து வந்த பழக்கம், இவர்களெல்லாம் எந்த நாட்டுக்காக ஆடுபவர்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்றார். கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் கண்ட மாநிலத்திலிருந்து வந்த குரல் என்பதால் அதற்குக் கூடுதல் எடை உண்டு.

பிலடெல்பியா எழுந்து நின்றது

அமெரிக்க பேஸ்பாலில் சொந்த வீரர்களைக் கூவுவதற்குப் பெயர் போன ஊர் பிலடெல்பியா. 18 சீசனும் அந்த ஒரே அணிக்கு ஆடி 548 ஹோம்ரன் அடித்த மைக் ஷ்மிட்டையே அவர்கள் விட்டுவைக்கவில்லை. 1985-இல் அவர் பதிலுக்கு ரசிகர்களைக் கடுமையாகப் பேசிவிட்டார். அடுத்த ஆட்டத்துக்குப் பொய்முடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு பயிற்சிக்கு இறங்கினார். கூவத் தயாராக வந்த கூட்டம் கைதட்டியது.

அதே ஊருக்கு 2022 டிசம்பரில் 11 ஆண்டு, 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் வந்தவர் ட்ரே டர்னர். 2023 ஆகஸ்ட் தொடக்கம் வரை அவருடைய பேட்டிங் சராசரி .235. அதாவது நூறு முறை முயன்றால் இருபத்து மூன்று, இருபத்து நான்கு ஹிட். அவ்வளவு பணம் வாங்கிய வீரருக்கு இது மிகக் குறைவு. கூச்சல் எழுந்தது. அப்போது ஓர் உள்ளூர் வானொலிக்காரர், ஒரு நாள் எல்லோரும் எழுந்து நின்று அவருக்குக் கைதட்டிப் பார்ப்போம் என்றார். ஆகஸ்ட் 4 அன்று டர்னர் பேட் பிடிக்க வந்தபோது அரங்கமே எழுந்து நின்றது. சீசனின் மிச்சத்தில் அவர் சராசரி .337, 16 ஹோம்ரன். நன்றி சொல்லி ஊருக்குள் விளம்பரப் பலகைகள் வைத்தார்.

கைதட்டினால் ரன் வரும் என்று இதைச் சுருக்கிவிடக் கூடாது. திறமையுள்ள வீரர் எப்படியும் மீண்டிருக்கக்கூடும். ஆனால் கவனிக்க வேண்டியது அந்தக் கைதட்டல் வந்த நேரம். சதம் அடித்த பிறகு யாரும் தட்டுவார்கள். தொடர்ந்து தவறிக்கொண்டிருந்த ஒருவருக்கு, அடுத்த பந்தைச் சந்திக்கும் முன் அது கிடைத்தது.

கூவ உரிமை உண்டா?

உண்டு. 2021-இல் நியூயார்க் மெட்ஸ் வீரர்கள் ஹாவியர் பாயஸும் பிரான்சிஸ்கோ லிண்டோரும், தங்களைக் கூவிய சொந்த ரசிகர்களுக்குப் பதிலாகக் கட்டை விரலைக் கீழே காட்டினார்கள். ரசிகர்களுக்கு அதிருப்தியைச் சொல்ல முழு உரிமை இருக்கிறது என்று கிளப்பின் தலைவரே அறிவித்தார். வீரர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். அது நியாயம். தர்மபுரியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துச் சென்னை போய், டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்தவர், 103 ரன்னோடு நின்ற அணியைப் பார்த்து அமைதியாக இருக்க வேண்டும் என்று யாரும் கட்டளையிட முடியாது.

ஆனால் எல்லாக் கூச்சலும் ஒன்றல்ல. ஓடவேண்டிய பந்துக்கு ஓடாத ஃபீல்டரைக் கூவினால், அது உழைப்பைக் கேட்கும் குரல். தவறான தேர்வுக்காக நிர்வாகத்தைக் கூவினால், அது கணக்குக் கேட்கும் குரல். முயன்று தவறியவரைக் கூவுவதும், வேறொருவர் வரவேண்டும் என்பதற்காக நம் விக்கெட் விழுந்ததைக் கொண்டாடுவதும் இவற்றில் எதிலும் சேராது. அதற்கு அடுத்த படி வன்முறை. 1996 மார்ச் 13, ஈடன் கார்டனில் பாட்டில்கள் பறந்து, 8 விக்கெட்டுக்கு 120 என்று இந்தியா நின்றபோதே அரையிறுதி இலங்கைக்குப் போனது. 2007 உலகக்கோப்பைத் தோல்விக்குப் பிறகு ராஞ்சியில் கட்டிக்கொண்டிருந்த தோனியின் வீடு தாக்கப்பட்டது. இன்று அவருக்காக மற்றவர்களைக் கூவும் ரசிகர்கள் இதை மறக்கக் கூடாது. 2006-இல் இங்கிலாந்துக்கு எதிராக 1 ரன்னில் அவுட்டான டெண்டுல்கரைக் கூவியதும் அவருடைய சொந்த வான்கடேதான்.

கூட்டத்தின் அவசரம் நம் தமிழ்நாட்டு வீரர்களையும் சுட்டிருக்கிறது. 2018 மார்ச் 18, கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதி. முஸ்தஃபிசுரின் ஓவரில் விஜய் சங்கர் நான்கு பந்தைத் தவறவிட்டார். தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29 எடுத்து, கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து ஜெயிக்கவைத்தார். ஒரே மாநில அணியின் இருவர். ஒருவரை வானத்தில் வைத்தோம், இன்னொருவரை இணையத்தில் துவைத்து எடுத்தோம். அது விஜய் சங்கர் சர்வதேசப் போட்டியில் முதன்முதலாகப் பேட் பிடித்த ஆட்டம் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

தொப்பூருக்கு அந்தப் பக்கம் ஓர் உதாரணம்

நம்மால் நன்றாகவும் நடந்துகொள்ள முடியும். 1999 ஜனவரி 31 அன்று, டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டியது சேப்பாக்கம். எதிரணிக்கே அந்த மரியாதை தந்த ஊர், சொந்த அணியின் ஏழாம் நம்பர் ஆட்டக்காரருக்கு அதில் பாதியாவது தரலாம்.

இன்னும் பக்கத்தில் நடராஜன் இருக்கிறார். தொப்பூர் கணவாயைத் தாண்டினால் சேலம் மாவட்டம், அங்கே அவருடைய சின்னப்பம்பட்டி. 2017-இல் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. ஆறு ஆட்டத்தில் இரண்டே விக்கெட். அடுத்த இரண்டு சீசன் ஹைதராபாத் அணியில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அவரை அப்போதே முடிந்துபோனவர் என்று ஒதுக்கியிருக்கலாம். 2020-இல் யார்க்கர்களால் 16 விக்கெட் எடுத்தார். அதைத் தொடர்ந்த ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமானார். ஒரே பயணத்தில் இதைச் செய்த முதல் இந்தியர். 2021 ஜனவரியில் ஊர் அவரைச் சாரட்டில் ஏற்றி அழைத்துவந்தது. அந்த ஊர்வலம் நல்ல விஷயம். அதைவிடப் பெரிய விஷயம், ஒன்றுமே நடக்காத அந்த மூன்று வருடத்தில் அவரைக் கைவிடாத சில பேர்.

நல்லம்பள்ளி ஒன்றியத்தில் பொங்கலுக்குக் கபடி நடக்கும், கோடை விடுமுறையில் டென்னிஸ் பால் போட்டி நடக்கும். அங்கே இறங்கும் பதினாறு வயதுப் பையனுக்கு மேலாளரும் கிடையாது, மனநல ஆலோசகரும் கிடையாது. கேட்ச்சை விட்டதும் அவன் காதில் விழுவது நம் குரல் மட்டும்தான். மைக்கில் வர்ணனை சொல்பவர் அவன் பெயரைச் சொல்லிக் கேலி செய்தால், அடுத்த உயரமான பந்துக்கு அவன் ஒரு நொடி தயங்குவான். ஆட்டம் அங்கேயே போய்விடும். சிலர் அடுத்த வருடம் மைதானத்துக்கே வரமாட்டார்கள்.

போட்டி நடத்தும் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வர்ணனையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஆட்டத்தை விமர்சிக்கலாம், ஆளைக் கேலி செய்யக் கூடாது என்று. ரசிகர்களுக்கு ஒன்று: நம்ம ஆள் தவறு செய்தால் அடுத்த பந்து வரை பொறுங்கள், அந்த இடைவெளியில் ஒருமுறை கைதட்டுங்கள். முயற்சி இல்லாவிட்டால் தாராளமாகக் கேளுங்கள். நம் விக்கெட் விழுந்ததற்கு மட்டும் ஒருபோதும் விசில் அடிக்காதீர்கள். அந்தச் சத்தத்தால் லாபம் அடைவது எதிரணி ஒன்றுதான்.