ஆத்மாநாம் கவிதைகளில் மனத்துயரும் வாழ்வின் மீதான பற்றும்

ஆத்மாநாம் (1951–1984) தமிழ்ப் புதுக்கவிதையின் முதன்மையான கவிஞர்களுள் ஒருவர். இயற்பெயர் எஸ். கே. மதுசூதன். சென்னையைச் சேர்ந்தவர், 'ழ' கவிதை இதழின் ஆசிரியர். 'காகிதத்தில் ஒரு கோடு' (1981) அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்த தொகுப்பு. மனநோய்க்கு மருத்துவம் பெற்றுவந்த அவர், 1984 ஜூலை 6 அன்று பெங்களூரில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னர் கவிஞர் பிரம்மராஜன் அவருடைய கவிதைகளைத் தொகுத்தார்.

வாக்குமூலக் கவிதை

தன் நோயையும் அந்தரங்கத் துயரையும் மறைக்காமல் எழுதுவது வாக்குமூலக் கவிதை எனப்படும். 1959இல் ராபர்ட் லோவலின் நூலை மதிப்பிட்டபோது விமர்சகர் எம். எல். ரோசந்தால் இச்சொல்லை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இவ்வகையில் பேசப்படும் சில்வியா பிளாத், ஆன் செக்ஸ்டன் ஆகிய இருவரும் தற்கொலை செய்துகொண்டவர்கள். அதனால் கவிதையை மரணத்திலிருந்து பின்னோக்கிப் படிக்கும் பழக்கம் வளர்ந்தது. தமிழில் ஆத்மாநாமும் அப்படிப் படிக்கப்படுகிறார்.

தாயுமானவரும் ஆத்மாநாமும்

தன் மனத்தோடு போராடும் குரல் தமிழுக்குப் புதிதன்று. 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தாயுமானவரின் சமாதி, இராமேசுவரம் செல்லும் வழியிலுள்ள இராமநாதபுரத்தில் இருக்கிறது. அடங்காத மனம், வீணாய்க் கழிந்த நாள், விடுதலை எப்போது என்னும் ஏக்கம் ஆகியவை அவர் பாடல்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. 'எந்நாட்கண்ணி' முழுவதும் அந்த ஏக்கமே. அதை எவரும் நோய்க்குறிப்பாகப் படிப்பதில்லை, பாடலாகவே படிக்கிறோம். ஆத்மாநாமின் கவிதைகளுக்கும் அதே மரியாதை உரியது.

இருவருக்கும் வேறுபாடு உண்டு. தாயுமானவர் வேண்டியது 'நான்' என்னும் முனைப்பின் அழிவு. உடலின் அழிவு அன்று. அவர் முறையிட இறைவன் இருந்தான். ஆத்மாநாமின் 'நான்' பேசுவதைக் கேட்க வாசகர் மட்டுமே இருக்கிறார். ஆகவே வாசகரின் பொறுப்பு கூடுகிறது.

கவிதைகள் காட்டுவது

'என் ரோஜாப் பதியன்கள்' கவிதையில் ஒருவர் மாலையில் தம் செடிகளைக் காணச் செல்கிறார். அவர் வருகைக்காகச் செடிகளும் காத்திருக்கின்றன. 'முத்தம்', விரைந்தோடும் மனிதர்களை நிறுத்தி அன்பு செலுத்தச் சொல்கிறது. 'ஏதாவது செய்' உடன்பிறந்தோர் சிதைக்கப்படுவதை வேடிக்கை பார்ப்பவரை உலுக்குகிறது. பித்து அங்கே தனி ஒருவனுடைய குறையாகக் காட்டப்படவில்லை. சுற்றியுள்ளோர் அவன்மீது இழைக்கும் கொடுமையாக வருகிறது. ஆத்மாநாமின் நோயை மட்டும் தேடுகிற வாசகர் இந்தச் சமூகக் கோபத்தைத் தவறவிடுவார்.

இருண்ட கவிதைகளும் உண்டு. அவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நோயே அவரைக் கவிஞராக்கியது என்று சொல்வது பிழை. நோய் 33 வயதில் ஒரு கவிஞரை நம்மிடமிருந்து பறித்தது என்பதே உண்மை. மரணத்தை வியந்து போற்றும் விமர்சனம் கவிதைக்கும் நன்மை செய்யாது, அதைப் படிக்கும் இளையோருக்கும் நன்மை செய்யாது.

தாயுமானவருக்கும் ஆத்மாநாமுக்கும் பொதுவானது, துயரத்தை மௌனமாக விழுங்காமல் சொல்லாக்கியதே. இத்தகைய கவிதைகளைப் படிக்கையில் தம் துயரமும் தாங்க முடியாததாகத் தோன்றும் மாணவர், அதை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்ல வேண்டும். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் கட்டணமின்றிப் பேசலாம்.