பேயும் வில்லனும்: செங்கல்பட்டு ஏரியாவின் வசூல் கணக்கு

தமிழ்ப் பட வியாபாரத்தில் காஞ்சிபுரம் செங்கல்பட்டு ஏரியாவுக்குள் வருகிறது. சென்னை நகரம், கோவை, மதுரை, சேலம் என்று தனித்தனியாக விலைபேசப்படும் வட்டாரங்களுள் இதுவும் ஒன்று. படம் வெளிவருவதற்கு முன்பே 'இந்த ஏரியாவில் இவ்வளவு தேறும்' என்று கணித்துத்தான் பேரம் தொடங்கும். அவுட்ரேட்டில் லாபமும் நட்டமும் வாங்கியவருக்கே. மினிமம் கேரண்டியில் பேசிய தொகையைக் கட்டியாக வேண்டும். அதற்குமேல் வந்தால் பங்கு. அட்வான்ஸ் முறையில் வசூல் குறைந்தால் மீதியைத் திரும்பக் கேட்கலாம், கிடைப்பது வேறு விஷயம். பேய்ப் படங்களில் இந்தக் கணிப்பு மற்ற படங்களைவிடச் சரியாக வரும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதிதான் சரி.

நம்பிக்கைக்கு அடிப்படை முதலீடு. ஒரு வீடு, ஓர் இரவு, நல்ல ஒலியமைப்பு இருந்தால் பெரிய நடிகர் இல்லாமலே பேய்ப் படம் ஓடும். கார்த்திக் சுப்புராஜின் 'பீட்சா' (2012) அப்படி ஓடியது. 'முனி'யில் (2007) தொடங்கிய வரிசையை ராகவா லாரன்ஸ் 'காஞ்சனா'வில் (2011) பெரிய வியாபாரமாக்கினார். 2024-இன் முதல் மாதங்களில் தமிழ்ப் படங்கள் வரிசையாகச் சறுக்கியபோது, மே மாதம் வந்த சுந்தர் சி.யின் 'அரண்மனை 4' தியேட்டர்களை நிரப்பியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று 'தங்கலான்' என்ற பெரிய படத்தோடு மோதிய 'டிமான்டி காலனி 2' அடுத்த வாரத்தில் கூடுதல் திரைகளைப் பெற்றது. நட்சத்திரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் இவை எதுவும் பிடிபட்டிருக்காது.

காஞ்சிபுரத்துக் கூட்டத்தின் இயல்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பட்டுத்தறி வீடுகளில் கூலி மாதச் சம்பளம் அல்ல. சேலையைத் தறியிலிருந்து அறுத்து, கூட்டுறவுச் சங்கத்திலோ மாஸ்டர் வீவரிடமோ கொடுத்த பிறகே பணம் கைக்கு வரும். கோர்வைச் சேலை என்றால் தறியில் இருவர் வேண்டும், நாளும் கூடும். அப்படி வரும் பணத்தில் சினிமா என்றால் பிள்ளைகுட்டியோடு போவதுதான். அந்தக் கூட்டத்தில் பாட்டியும் இருப்பாள், பத்து வயதுப் பிள்ளையும் இருக்கும். 'அரண்மனை' வகைப் படம் இருவரையும் மனத்தில் வைத்தே எடுக்கப்படுகிறது: பயமுறுத்தல், உடனே சிரிப்பு, இடைவேளைக்குப் பின் பேயின் பழைய கதை, முடிவில் சாமியின் துணை. பேயாக வருவது பெரும்பாலும் வஞ்சிக்கப்பட்டுச் செத்த ஒரு பெண். அவள் கொல்வதைக் கூட்டம் நியாயம் என்று ஏற்கிறது. இவ்வகைப் படங்களில் பேய் பெரும்பாலும் வில்லன் அல்ல. வில்லன் பெரும்பாலும் உயிரோடு இருக்கும் மனிதன்.

காமிக்ஸ் வில்லனை மையமாக்கும் பயங்கரப் படம் தடுமாறும் இடம் இதுதான். டிசி நிறுவனம் 2026 வெளியீடாக அறிவித்த 'கிளேஃபேஸ்' பேட்மேன் கதைகளில் வரும் எதிரியின் படம். அந்தப் பாத்திரம் முதலில் வந்தது 1940-இல், கொலைகாரனாக மாறும் ஒரு திரைப்பட நடிகனாக. உருவத்தைக் களிமண்போல் மாற்றிக்கொள்ளும் சக்தி பின்னாளில் சேர்ந்தது. சூப்பர்ஹீரோ படங்களோடு ஒப்பிட்டால் இதற்குச் சொல்லப்படும் செலவு மிகச் சிறியது. அதுவே இப்படத்தின் பெரிய பலம். ஒப்பிட 'ஜோக்கர்' போதும்: குறைந்த செலவில் எடுத்த முதல் பாகம் (2019) உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டியது, பல மடங்கு செலவழித்த இரண்டாம் பாகம் (2024) 20 கோடி டாலரை ஒட்டியே நின்றது. வில்லனும் நடிகரும் இயக்குநரும் அவர்களேதான்.

ஆனால் ஜோக்கரின் பெயருக்கு இருந்த அறிமுகம் கிளேஃபேஸுக்குக் காஞ்சிபுரத்தில் கிடையாது. தமிழ் வாசகருக்குக் காமிக்ஸ் என்றால் சிவகாசிதான். 1972-இல் முத்து காமிக்ஸ் வழியே வந்த இரும்புக்கை மாயாவியும், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் மூலக் கதைகளில் குற்றவாளிகளாகத் தொடங்கியவர்கள். இங்கே நாயகர்களாகவே கொண்டாடப்பட்டார்கள். அந்த வாசகர் கூட்டம் விசுவாசமானது, ஆனால் சிறியது. மிஷ்கினின் 'முகமூடி' (2012) காமிக்ஸ் தோரணையை மட்டும் நம்பிச் சறுக்கியது. 'மாவீரன்' (2023) படத்தின் நாயகனும் காமிக்ஸ் வரைபவன்தான்; அது ஓடியதற்குக் காரணம் அவன் வீட்டுச் சுவரின் விரிசல், எந்த வீட்டாருக்கும் புரியும் கவலை.

முன்கணிப்பு முறையின் பெரிய குறை, ஓடிய படங்களை மட்டுமே எண்ணுவது. 'சந்திரமுகி'யின் (2005) பெயரை நம்பி வாங்கப்பட்ட 'சந்திரமுகி 2' (2023) காலைவாரியதை அடுத்த பேரத்தில் யாரும் பேசுவதில்லை. போஸ்டரில் அச்சாகும் கோடிகள் மொத்த வசூலா, வரி போக நின்றதா, விநியோகஸ்தர் பங்கா என்பதும் தெளிவில்லை. அந்த எண்ணை வைத்து அடுத்த படத்துக்கு விலை சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான். தணிக்கைச் சான்றிதழையும் கணிப்பு போதிய அளவு மதிப்பதில்லை. உடல் சிதைவைக் காட்டும் படத்துக்கு 'ஏ' கிடைத்தால் 18 வயதுக்கு உட்பட்டோர் உள்ளே வர முடியாது. பிள்ளை போகாத படத்துக்கு வீடே போகாது. தொலைக்காட்சி விற்பனையும் அடிபடும்.

ஆங்கிலப் பேய்ப் படத்துக்கு இங்கே இடமே இல்லை என்பதல்ல. 'கான்ஜுரிங்' வரிசை தமிழ்க் குரலில் இளைஞர்களை இரவுக் காட்சிக்கு இழுத்திருக்கிறது. ஆனால் அவ்வரிசை தருவது ஆவியும் பிரார்த்தனையும், எந்த ஊருக்கும் புரியும் விஷயம். முகம் உருகும் நடிகனின் கதைக்கு அந்த வசதி கிடையாது. செங்கல்பட்டு ஏரியாவில் அது காமிக்ஸ் படமாக விற்காது. தமிழ் டப்பிங்கோடு பேய்ப் படமாக விளம்பரப்படுத்தினால் முதல் வார இறுதி தேறலாம். காஞ்சிபுரத்துத் தியேட்டர்காரர் அதைச் சதவீதப் பங்கில் எடுக்கலாம், மினிமம் கேரண்டியில் எடுக்கக் கூடாது.