கடம்பூர் இருட்டு

'நாவல் மாதிரி இல்லையே சார்' என்று 'பொன்னியின் செல்வன்' படத்தைப் பற்றிப் பலர் குறைப்பட்டுக்கொண்டார்கள். 1950-லிருந்து 54 வரை 'கல்கி'யில் வாராவாரம் வந்த ஐந்து பாகங்களை இரண்டு படங்களில் அடைத்தால் சிலபேர் காணாமல் போகத்தான் செய்வார்கள். அதில் எனக்குப் புகார் இல்லை. என் புகார் ஓர் இருட்டைப் பற்றியது.

கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலன் சாகும் இடம். நாவலில் விளக்கு அணைந்துபோகிறது. இருட்டில் தடுமாறும் வந்தியத்தேவனுக்குக் கிடைப்பது பிணம்தான். கொன்றது யார்? மணிமேகலை 'நான்தான்' என்கிறாள். பெரிய பழுவேட்டரையரும் 'நான்தான்' என்கிறார். ரவிதாசன் கோஷ்டி வேறு பழிவாங்கக் காத்திருந்தது. கல்கி கடைசிவரை கத்தி பிடித்த கையைக் காட்டவே இல்லை. இது சோம்பல் அல்ல. உடையார்குடிக் கல்வெட்டு (காட்டுமன்னார்கோயில் கோயிலில் இருக்கிறது, அந்தப் பக்கம் போனால் பாருங்கள்) ரவிதாசனையும் சகோதரர்களையும் துரோகிகள் என்கிறது. ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்பதற்கு மூச்சு விடுவதில்லை. சரித்திரம் அணைத்த விளக்கைக் கல்கி ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

காகிதத்தில் 'இருட்டு' என்று எழுதினால் போதும், செலவில்லை. ரேடியோவில் எப்போதுமே இருட்டு. நாடகத்தில் லைட்மேனுக்கு ஒரு சைகை. சினிமாவில் மட்டும் பத்து செகண்டு திரை கறுத்தால் ஆபரேட்டரைத் திட்டி விசில் அடிப்பார்கள். கேமரா எதையாவது காட்டியே ஆகவேண்டும். 2023-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மணிரத்னம் காட்டினார்: கரிகாலனே சாவைத் தேடிக்கொள்கிற மாதிரி. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் பிரமாதம். எனக்கே கண் கலங்கியது. ஆனால், கேஸ் குளோஸ்!

சினிமாவால் முடியாது என்றும் சொல்லமாட்டேன். கல்கி தொடரை ஆரம்பித்த அதே 1950-ல் ஜப்பானில் குரோசாவா 'ரஷோமோன்' எடுத்தார். ஒரே சாவை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். நாலையும் பட்டப்பகலில் காட்டிவிட்டு, எது நிஜம் என்று சொல்லாமல் விட்டார். வெளிச்சத்திலேயே ஓர் இருட்டு. கரிகாலனுக்கும் இதைச் செய்திருக்கலாம். தயாரிப்பாளர் சம்மதித்திருப்பாரா என்பது வேறு கதை.

படம் முடிந்து படியிறங்கும்போது முன்னால் போன பெண், "ஏம்மா, புக்ல யாரு கொன்னா?" என்றாள். மூன்று முறை படித்ததாக இடைவேளையில் சொல்லிக்கொண்டிருந்த அம்மா யோசித்து, "பழுவேட்டரையர்தான்டி" என்றார். பின்னாலிருந்து ஒரு பெரியவர், "இல்லேம்மா, ரவிதாசன்" என்றார். பார்க்கிங் வரை சண்டை.