பொட்டலமும் பொதியும்

கொரோனாத் தொற்றைத் தடுக்க 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு நாள் கழித்து, 24ஆம் தேதி மாலை அதே ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. அன்று நள்ளிரவு முதல் இந்தியா முழுவதும் 21 நாள் ஊரடங்கு. கொத்தனார், சித்தாள், ஆட்டோ ஓட்டுநர், சந்தையில் கூறு கட்டி விற்கும் அம்மா, சலூன்காரர் எல்லாரும் அன்றன்றைய வரும்படியில் அடுப்பெரிப்பவர்கள். ஒரே வாரத்தில் இரண்டு கரையிலும் அவர்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தார்கள்.

இரண்டு கரையிலும் அதிகாரி வந்து சேர்வதற்குள் அக்கம்பக்கத்தார் வந்துவிட்டார்கள். இதைப் பற்றி நிறையப் பேர் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார்கள், நெகிழத்தான் வேண்டும். அதற்கு மேல் கவனிக்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் உதவ வந்தவர்கள் பெரும்பாலும் சமைத்த சோற்றைப் பொட்டலமாகக் கொண்டுவந்தார்கள். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, மலையகம் எங்கும் வந்தவர்கள் பெரும்பாலும் அரிசியும் பருப்பும் மாவும் சேர்த்துப் பொதி கட்டிக் கொண்டுவந்தார்கள். பேச்சும் சோறும் அன்னதான மரபும் இரு கரைக்கும் பொது. கொடுத்த விதம் மட்டும் ஏன் மாறியது? ஓர் ஊரின் இரக்கம் எந்த உருவம் எடுக்கும் என்பதை அந்த நாட்டின் அரிசிக் கொள்கையே பெருமளவு தீர்மானிக்கிறது என்பது என் முடிவு.

ரேஷன் கடை இருந்த ஊர்

தமிழ்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள், 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகள். 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைத்துவருகிறது. ஊரடங்கு வந்ததும் அட்டைக்கு 1,000 ரூபாயும், ஏப்ரல் மாதத்துக்கு அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் இலவசமாகத் தரப்பட்டன. கூட்டம் சேராதிருக்க டோக்கன் கொடுத்தார்கள். கடைவாசலில் வட்டம் போட்டு ஆளை நிறுத்தினார்கள். ரேஷன் அரிசியைப் பற்றி ஆயிரம் குறை சொல்வோம். வேலை போன அந்த வாரங்களில் பல லட்சம் வீடுகளில் பானையில் வெந்தது அதுதான்.

ஆக, வீடும் அட்டையும் அடுப்பும் உள்ளவருக்கு அரிசி இருந்தது. விட்டுப்போனவர் யார்? பேருந்து நிலையத்தில் படுப்பவர், அரசு மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்தவர், நெடுஞ்சாலையோரம் லாரியோடு நின்றுபோன ஓட்டுநர், திருப்பூரில் சிறு அறைக்குள் அடைபட்ட வடமாநிலத் தொழிலாளி, தனியாக இருக்கும் வயதானவர். இவர்களிடம் அரிசியைக் கொடுத்தால் எங்கே பொங்குவார்கள்? சோறாகத்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கான ஏற்பாடு ஊருக்குள்ளேயே இருந்தது. முகூர்த்தங்கள் தள்ளிப்போனதால் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடந்தன. அண்டாவும் கரண்டியும் சும்மா இருந்தன. சமையல்காரருக்கும் வேலை இல்லை. மளிகைக் கடைக்காரர் ஒரு மூட்டை அரிசி தருவார். மண்டிக்காரர் விலைபோகாத தக்காளியைக் கூடையோடு அனுப்புவார். இன்னொருவர் காஸ் சிலிண்டர். விடிவதற்கு முன்பே உலை வைத்தால், முற்பகலுக்குள் எலுமிச்சை சாதமோ தக்காளி சாதமோ தயிர் சாதமோ சில்வர் கவரில் விழுந்து, ரப்பர் பேண்ட் போட்டு, சாக்குப்பையில் அடுக்கி, பைக்கில் ஏறிவிடும். நண்பகல் வெயிலுக்குள் புளித்துவிடுமே என்று தயிரைக் குறைத்துப் பாலைக் கூடுதலாக ஊற்றிப் பிசைவார்கள். ஊறுகாயைத் தனியே சிறு தாளில் மடித்து உள்ளே வைப்பார்கள். வாங்குபவரும் நம் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர்தான் என்று நினைப்பவருக்கே இந்த அக்கறை வரும்.

கோவை ஆலாந்துறைப் பக்கம் வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி ஒரு ரூபாய்க்கு இட்லி விற்பதை 2019இலேயே நாடு அறிந்திருந்தது. ஊரடங்கில் சாமான் விலை ஏறியபோதும் அவர் இட்லியின் விலையை ஏற்றவில்லை. எண்பது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி, ஊர் நிலைமை தெரிந்து, இலவசம் என்று சொல்லி யாரையும் கூச வைக்காமல், வழக்கமான விலையிலேயே ஊருக்குப் பசியாற்றினார்.

பொதுவில் அடுப்பு மூட்டுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய வேலை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனைக்கு ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்ற பெயர், 18ஆம் நூற்றாண்டின் பஞ்சத்தில் அங்கே ஊற்றிய கஞ்சியால் வந்தது. வள்ளலார் 1867இல் வடலூர் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையா அடுப்பு என்றே போற்றப்படுகிறது. 1982இல் விரிவுபெற்ற சத்துணவும் 2013இல் வந்த அம்மா உணவகமும் அதே வழியில் வந்தவை. 2021 மே மாதம் இரண்டாம் அலையில் கோயில் மடப்பள்ளிகளிலிருந்து நாளொன்றுக்கு ஒரு லட்சம் உணவுப் பொட்டலங்கள் வழங்கப்படும் என்று அறநிலையத்துறை அறிவித்தபோது, அதை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

கூப்பன் அரிசி போன ஊர்

இலங்கையிலும் ஒரு காலத்தில் கூப்பன் அரிசி இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், தொடங்கிய பங்கீடு அது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியதை எதிர்த்து நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்து, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அத்தனை உயிரான அந்த அரிசிக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரை வந்தது. அதன்பின் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்ற உதவித் திட்டங்கள். அரிசி காசாக மாறியது; காசை விலைவாசி தின்றது.

ஆகவே 2020இல் இலங்கைக் கிராமத்தில் அரசாங்கத்திடம் மாதாமாதம் அரிசி அளக்கும் கடை இல்லை. இருந்தது கிராம அலுவலரின் பதிவேடு. ஏப்ரலிலும் மே மாதத்திலும் அதை வைத்து 5,000 ரூபாய் கொடுப்பனவு கொடுத்தார்கள். காசு கிடைத்தாலும் கடைக்குப் போவது எப்படி? ஊரடங்கு அனுமதி இல்லாமல் வீதியில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும். பல்லாயிரம் பேர் கைதானார்கள். யாழ் மாவட்டத்தின் முதல் நோயாளி கண்டறியப்பட்டதும் தாவடிக் கிராமம் முடக்கப்பட்டது. யாழ்ப்பாணமே ஏறக்குறைய ஒரு மாதம், ஏப்ரல் 20 வரை, அடைந்து கிடந்தது.

வீதியில் நின்று சோறு கொடுக்க அங்கே வழியில்லை. பாஸ் எடுத்து ஒருமுறை போனால், அந்த ஒரு நடையிலேயே பத்து நாளைக்குத் தாங்கக்கூடியதைக் கொடுத்துவிட வேண்டும். கிராமத்து வீட்டில் விறகடுப்பு உண்டு, கிணறு உண்டு, வளவில் முருங்கையும் பப்பாசியும் உண்டு. குறைவது அரிசியும் மாவும் சீனியும்தான். பொதியைப் பிரித்தால் இந்தக் கணக்கு தெரியும்: அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, தேயிலை, சோயா மீற், நெத்தலிக் கருவாடு, சவர்க்காரம், பிள்ளை உள்ள வீட்டுக்குப் பால்மா. சந்தை பூட்டியதால் மரக்கறியை விற்க முடியாமல் தவித்த தோட்டக்காரரிடம் காசு கொடுத்து வாங்கி, அதையும் பொதியோடு சேர்த்தவர்கள் இருந்தார்கள். ஒரே செலவில் இரண்டு வீடு பிழைத்தது.

யாருக்கு எத்தனை பொதி என்பதை ஊர்ச் சங்கங்கள் முடிவுசெய்தன. சனசமூக நிலையம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், பழைய மாணவர் சங்கம். கணவரை இழந்து குடும்பத்தைச் சுமக்கும் பெண், போரில் கால் இழந்தவர், படகில் கூலிக்குப் போகிறவர் என்று பெயர் பெயராக எழுதினார்கள். பணத்தில் பெரும்பங்கு கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்தது. அங்கேயும் நோய் கொன்றுகொண்டிருந்தது. அனுப்பியவர்களில் எத்தனையோ பேர் முதியோர் இல்லங்களிலும் பேருந்துகளிலும் தொழிற்சாலைகளிலும் நோய்க்கு நடுவே வேலைக்குப் போய்வந்தவர்கள். ஊரில் அடுப்பெரியவில்லை என்று கேட்டதும் அவர்களுக்குத் தம் அச்சம் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

இந்தப் பட்டியல் போடும் வேகம் பழைய துயரங்களில் பழகியது. போருக்கு நடுவே 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் செம்மணி வழியே இடம்பெயர்ந்தார்கள். 2004இல் சுனாமி. 2009இல் போரின் இறுதி நாட்களில் முள்ளிவாய்க்காலில் கஞ்சியே உணவாக இருந்தது. எந்த வீட்டில் எத்தனை வாய், யாருக்கு மருந்து தேவை, எந்த வீடு பசித்தாலும் வாய்திறந்து கேட்காது என்பதை இரண்டே நாளில் எழுதிவிடக்கூடிய மனிதர்கள் அங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். போர் தந்த கசப்பான பயிற்சி, தொற்றில் கைகொடுத்தது.

எது நல்லது?

பொட்டலத்துக்குப் பெரிய குணம் ஒன்று உண்டு. அது யாரையும் கேள்வி கேட்பதில்லை. பெயர், அட்டை, சாதி, மாநிலம் எதுவும் வேண்டாம். கை நீட்டினால் போதும். இந்தியும் ஒடியாவும் மட்டுமே தெரிந்த தொழிலாளிக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த சோறு அப்படிக் கிடைத்ததுதான். ஆனால் கை நீட்டத்தான் வேண்டும். மானத்துக்கு அஞ்சி வரிசையில் நிற்காத குடும்பங்களைப் பொட்டலம் எட்டவில்லை. கொடுப்பதைப் படம் எடுத்துப் போட்டவர்களால் அந்தக் கூச்சம் இன்னும் கூடியது. 2020 ஏப்ரல் நடுவில் தொற்றுப் பரவும் என்று காரணம் காட்டித் தனியார் நேரடியாக உணவு கொடுப்பதைத் தமிழக அரசு தடுக்க முயன்று, உயர் நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதிக்க வேண்டிவந்தது. வீதியில் நடக்கும் கொடைக்கு இந்த இடர் எப்போதும் உண்டு.

பொதி மானத்தைக் காக்கும். படலையில் வைத்துவிட்டு ஒரு குரல் கொடுத்துப் போய்விடலாம். அன்று என்ன சமைப்பது என்பதை அந்த வீட்டு அம்மாவே முடிவுசெய்வார். சொந்த அடுப்பில் வெந்த சோற்றைப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். ஆனால் பொதி பட்டியலைக் கேட்கும். பதிவு மாறாத வாடகைக் குடும்பம், ஒரே முகவரியில் பல குடும்பம் வாழும் தோட்டத்து லயம், ஊரோடு பகைத்துக்கொண்ட வீடு இவையெல்லாம் பட்டியலில் தவறக்கூடியவை. ஊரடங்கிலும் தேயிலைத் தோட்டங்கள் இயங்கின. கொழுந்து பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டிக்கொடுத்தவர்களின் பிள்ளைகள் கொழும்பில் வேலையிழந்து சிக்கிக்கொண்டார்கள். அவர்கள் பெயர் கொழும்புப் பட்டியலிலும் இல்லை. தோட்டத்துப் பட்டியலில் இருந்தும் பயனில்லை.

நிலைமை மாறியபோது இரு கரையும் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. 2020 ரமலானில் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குத் தமிழக அரசு அளித்த 5,450 டன் பச்சரிசியை, பள்ளிவாசல்கள் மூடியிருந்ததால், வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கஞ்சி அந்த ஆண்டு பொதியாக மாறியது. இலங்கையில் 2022இன் பொருளாதார நெருக்கடியில் அரிசி, காஸ், மண்ணெண்ணெய் எல்லாம் கைக்கெட்டாமல் போனபோது, வீட்டில் சமைக்கவே வழியில்லாதவர்களுக்காகக் கொழும்புப் பக்கம் சமூகச் சமையலறைகள் திறந்தன. பொதி அங்கே சோறாக மாறியது.

அதே 2022இல் இரண்டு முறைகளும் ஒன்றாகச் சந்தித்தன. இலங்கைக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, மருந்துகள் அனுப்பத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏப்ரல் 29 அன்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. தமிழர்களுக்கு மட்டும் என்று பிரித்து அனுப்ப வேண்டாம், அல்லற்படும் எல்லாருக்கும் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழர்களே. மே 18 அன்று முதல் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. தமிழ்நாட்டின் பொது விநியோகக் கட்டமைப்பு திரட்டிய அரிசி, இலங்கைக் கிராம அலுவலரின் பட்டியல் வழியாகச் சிங்களவர், தமிழர், முஸ்லிம், மலையகத்தார் வீடுகளுக்குப் போனது. ஒரு கரையில் கையிருப்பு இருந்தது, மறு கரையில் வீடு தெரிந்த ஆள் இருந்தார். இரண்டும் சேர்ந்தபோது வேலை நடந்தது.

இரு கரையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுதான். இலங்கையில் 2023இல் சமுர்த்தியின் இடத்துக்கு அஸ்வெசும வந்துவிட்டது. அதுவும் காசுதான், அதிலும் விடுபட்டோரின் முறைப்பாடுகள் குவிந்தன. ஏழை வீட்டுக்கு மாதம் இத்தனை கிலோ அரிசி உறுதி என்ற நிலை அங்கே மீண்டும் வர வேண்டும். அது இருந்தால் ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் அரிசிக்குச் செலவழிக்கும் பணம் மருந்துக்கும் படிப்புக்கும் போகும். தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் அரிசி இருக்கிறது, சமைக்கக் கை இருக்கிறது. தெருவுக்குத் தெரு ஒரு பட்டியல் இல்லை. தனியாக இருக்கும் முதியவர், அட்டை இல்லாத வெளிமாநிலக் குடும்பம், கேட்கக் கூசும் வீடு இவர்களை அறிந்த நாலு பேர் ஒவ்வொரு தெருவிலும் இப்போதே வேண்டும். அடுத்த வெள்ளமோ தொற்றோ வந்த பிறகு கணக்கெடுக்கத் தொடங்கினால் அதற்குள் சிலர் பட்டினி கிடந்திருப்பார்கள். உங்கள் தெருவில் அந்தப் பட்டியலை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.