கழுவாத சுருள்கள்

டிஜிட்டல் காமிரா வந்து இத்தனை காலமாகியும் பிலிமை விடாத புகைப்படக்காரர்கள் இருக்கிறார்கள். காரணம் கேட்டால் பலரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "சுருளுக்கு 36 படம்தான். அதனால் யோசித்து எடுக்கிறோம்." டிஜிட்டல்காரன் கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளுகிறானாம், பிலிம்காரன் சிக்கனக்காரனாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குச் சம்மதமில்லை.

காரி வினோகிராண்ட் என்ற ஒரு மனிதரே இந்த வாதத்துக்குப் போதுமான மறுப்பு. நியூயார்க் தெருக்களில் லைக்கா காமிராவுடன் அலைந்து, போகிற வருகிற ஜனங்களைப் படமெடுத்தவர். தெருப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1984-ல் அவர் காலமானபோது, எடுத்துவிட்டுக் கழுவாமலே வைத்திருந்த சுருள்கள் மட்டும் சுமார் 2,500. கணக்குப் போட்டால் 90,000 படங்கள்! இதுவா சிக்கனம்?

ஆனால் நான் தேடிய பதிலும் அவரிடமே இருக்கிறது. எடுத்த சுருளை உடனே கழுவ மாட்டார். வேண்டுமென்றே ஒரு வருஷம், அதற்கு மேலும்கூட, வைத்திருந்துதான் பார்ப்பார். எடுத்த நாளின் சந்தோஷம் மனசில் மிச்சமிருந்தால், அதையே படத்தின் தகுதி என்று நம்பிவிடுவோம் என்பது அவர் கட்சி.

இது எனக்கு நன்றாகப் புரிகிறது. எழுதி முடித்த இரவில் என் கதையை விட நல்ல கதை உலகத்தில் கிடையாது. மேஜை இழுப்பறையில் போட்டு மூன்று மாதம் கழித்துப் படித்தால், கண்ணீர் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது. அப்படிக் கிழித்துப் போட்டவை சில. பொறுக்காமல் அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டு, அச்சில் பார்த்துக் கூசியவை அதைவிட அதிகம்.

டிஜிட்டல் காமிராவின் மேல் என் குறை இதுதான். முதுகில் ஒரு திரையை வைத்துக்கொண்டு, எடுத்ததை எடுத்த நிமிஷமே காட்டி முகஸ்துதி செய்கிறது. அவன் தலைகுனிந்து ரசிக்கும் நேரத்தில் எதிரே தெரு நகர்ந்துவிடுகிறது. பார்க்காமல் இருக்கலாமே என்பீர்கள். இருக்கலாம், பசித்தவன் முன்னால் இலையைப் போட்டுப் பரிமாறிவிட்டு, சாப்பிடாதே என்றும் சொல்லலாம்! பிலிம் எதையும் காட்டுவதில்லை. பொறுமை மனிதனிடம் இல்லாவிட்டாலும் கருவியிடம் இருக்கிறது.

ஆனால் பொறுமைக்கும் ஓர் எல்லை வேண்டும். வினோகிராண்ட் விட்டுப்போன சுருள்களைப் பிறர்தான் கழுவினார்கள். அவற்றில் எது தேறும், எது தேறாது என்று சொல்ல அவர் இல்லை.