ரெங்கசாமி என்ன ஆளு?

தேனி என்றதும் தமிழ்ச் சினிமாக்காரர்களுக்கு உடனே 'மண்' ஞாபகம் வந்துவிடும். அல்லிநகரத்திலிருந்து பாரதிராஜா, பண்ணைப்புரத்திலிருந்து இளையராஜா. 1977-இல் 'பதினாறு வயதினிலே' வந்ததோடு கேமரா கிராமத்துக்கு இறங்கி வந்துவிட்டது என்று எழுதாத பத்திரிகை இல்லை. இறங்கி வந்தது சரி. எந்தத் தெரு வரைக்கும் வந்தது? கல்லூரிகளில் சினிமா படிக்கிற பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுகிற கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் நான் இந்தக் கேள்வியைத்தான் முதலில் வைக்கிறேன்.

'முதல் மரியாதை' (1985) பாடமாகவே ஆகிவிட்ட படம். அதில் செருப்புத் தைக்கிற செங்கோடனின் மகள் செவுளி ஊர்ப் பெரியவர் வீட்டுச் சொந்தக்காரப் பையனை விரும்பிக் கட்டிக்கொள்கிறாள். பிறகு நகைக்காகக் கொல்லப்படுகிறாள். கொன்றவன் தன் மருமகன் என்று தெரிந்ததும் பெரியவர் அவனையே பிடித்துக் கொடுக்கிறார். பெண்ணைப் பறிகொடுத்தது செங்கோடன். மரியாதை போய்ச் சேர்வது பெரியவருக்கு. செங்கோடனாக நடித்த ஏ.கே. வீராசாமி ஒரு உண்மை தெரியணும் என்று கேட்டுக்கொண்டே திரிவாரே, அந்த வசனம் மிமிக்ரி மேடைகளில் சிரிப்பாணியாகிவிட்டது. இது சிரிக்கிற விஷயமா என்று எந்த வகுப்பறையிலும் கேட்டதாகத் தெரியவில்லை. 1987-இல் வந்த 'வேதம் புதிது' சாதியை நேராகவே பேசியது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வழக்கு அக்ரஹாரத்துக்கும் தேவர் வீட்டுக்கும் நடுவில் நடக்கிறது. நம்ம தெரு அதில் சாட்சியாகக்கூட இல்லை. இரண்டு வருஷம் கழித்து 1989-இல் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. அந்தப் போடியை நான் எந்த மண்வாசனைப் படத்திலும் பார்க்கவில்லை.

இந்த வரிசையில் லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018) வேறு ஜாதிப் படம். வேண்டுமென்றேதான் அந்தச் சொல்லைப் போடுகிறேன். விஜய் சேதுபதி தயாரித்து, தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்த படம். மலைக்கும் அடிவாரத்துக்கும் ஏலக்காய் மூட்டை சுமக்கிற கூலிக்காரன் ரெங்கசாமி. சொந்தமாக ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான் அவன் ஆசை. பாதிப் படம் அவன் நடக்கிறான். நடை ஒரு வேலை, கூலி வாங்கித் தருகிற வேலை என்று தமிழில் இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் வேறு எனக்குத் தெரியாது. மூட்டை பள்ளத்தில் சரிகிற இடத்தில் அரங்கமே மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தது. கடைசியில் அவன் கைவிட்டுப் போன நிலத்திலேயே காற்றாலைக்குக் காவல்காரனாக உட்காருகிறான். கம்பம் பள்ளத்தாக்கின் முப்பது வருஷ வரலாறு அந்த ஒரு நாற்காலியில் இருக்கிறது.

இந்தப் படத்தைத்தான் எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் திரையிட்டார்கள். (பெயர் எதற்கு, எல்லாக் கல்லூரியும் ஒன்றுதான்.) படம் முடிந்து கேமராக் கோணம், இயற்கை ஒளி, நடிகரல்லாதவர்கள் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பின்வரிசையில் ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து வருகிற ஒரு பையன் எழுந்தான். "அண்ணே, ரெங்கசாமி என்ன ஆளு?" என்றான். அரங்கம் சிரித்தது. பொறுப்பாசிரியர் மைக்கை வாங்கி, "சினிமாவ சினிமாவாப் பாருங்கப்பா" என்று முடித்துவிட்டார்.

அன்றைக்குக் கேட்கப்பட்டதிலேயே உருப்படியான விமர்சனக் கேள்வி அதுதான் என்று நான் சொல்வேன். இந்தப் படத்தில் நிலம் வாங்குகிற முயற்சி தட்டித் தட்டிப் போகிறது. விற்கிற வீட்டில் அண்ணன் தம்பிச் சண்டை ஒரு காரணம், பணம் புரளாதது இன்னொரு காரணம். நம்ம ஊரில் நிலத்துக்கு விலை பேசுவதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "யாரு வாங்குறது?" அந்தக் கேள்விக்குப் பதில் சரியில்லை என்றால் கையில் ரொக்கமாக வைத்திருந்தாலும் பத்திரம் எழுத மாட்டான். அந்தக் கேள்வி இந்தப் படத்தில் ஒருதடவைகூட வருவதில்லை. ரெங்கசாமியை எல்லாச் சாதிக் கூலிக்கும் பொதுவான ஆளாக வைக்கவேண்டும் என்று இயக்குநர் நினைத்திருக்கலாம். நியாயமான நினைப்புத்தான். ஆனால் சாதியில்லாத கூலிக்காரன் எந்த மலையில் இருக்கிறான்? பெயரைச் சொல்லாமல் விட்டால் பார்க்கிறவன் தன் சாதியை அவன்மேல் போர்த்திவிட்டு நிம்மதியாக அழுதுவிட்டுப் போகிறான்.

நமக்கு நிலம் என்பது ஒருத்தன் சிறுவாடு சேர்த்து வாங்குகிற கனவு மட்டுமில்லை, பறிபோன கணக்கும் கூட. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையை ஒட்டி 1892-க்குப் பிறகு ஒதுக்கப்பட்டவை பஞ்சமி நிலங்கள். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதை மீட்கப் போய்த்தான் 1994-இல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிரைக் கொடுத்தார்கள். பூமணியின் 'வெக்கை' நாவலிலிருந்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' (2019) பஞ்சமி நிலம் என்ற சொல்லையாவது திரையில் சொன்னது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பேசவைத்தால் அதுதான் சினிமாப் படிப்பு.

பேசவிட மாட்டார்கள் என்பது வேறு கதை. அடுத்த மாதத்துக்கு ஆர்.பி. அமுதனின் 'பீ' (2003) போடலாம் என்று மாணவர்களே கேட்டார்கள். மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளுகிற பெண்ணோடு கேமரா கூடவே போகும் படம், அரைமணி நேரம்கூட ஓடாது. "சாப்பாட்டு நேரத்துல இதென்னங்க" என்று நிர்வாகத்தில் சொல்லிவிட்டார்களாம். மாணவர்கள் முகம் சுளிக்கவில்லை, நிர்வாகந்தான் சுளித்தது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' படத்துக்கு 2017-இல் பல ஊர்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. போலீஸ் வெளியே செய்ததைக் கல்லூரி உள்ளே வைத்து மரியாதையாகச் செய்கிறது.

திரையிடல் என்பது நமக்கு எந்தக் காலத்திலும் சும்மா பொழுதுபோக்காக இருந்ததில்லை. மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. 1928 என்பார்கள், 1930 என்பார்கள். அதில் நாயர் பெண்ணாக நடித்தவர் தலித் பெண் பி.கே. ரோஸி. திருவனந்தபுரத்தில் படம் ஓடியபோது திரைமேல் கல் விழுந்தது. ரோஸி ஊரைவிட்டே ஓடித் தமிழ்நாட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார். அந்தப் படத்தின் பிரதிகூட இன்று இல்லை. நீலம் பண்பாட்டு மையம் சென்னையில் அவர் பெயரிலேயே திரைப்பட விழா நடத்துகிறது, நல்ல காரியம். ஆனால் உத்தமபாளையத்துப் பிள்ளை சென்னைக்குப் போய்த்தான் ரோஸி பெயரைக் கேள்விப்பட வேண்டுமா?

இன்னொன்று, நேரம். கல்லூரியில் படம் போட்டது காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் ரெங்கசாமிகளும் ஈஸ்வரிகளும் விடியலில் ஜீப்பில் அடைந்து கம்பம்மெட்டும் போடிமெட்டும் ஏறிப்போய் ஏலத்தோட்டத்தில் குனிந்து நிற்கிறார்கள். படத்துக்குச் சம்பந்தப்பட்ட ஆளில்லாமலே படத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் ஜான் ஆப்ரகாமும் தோழர்களும் ஜனங்களிடம் காசு பிரித்து 1986-இல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள், ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டார்கள். வெள்ளைத் துணி கட்டி ராத்திரி ஏழு மணிக்குக் காலனி நூலகத்து முன்னால் போட முடியாதா என்ன? விடுதிப் பையன்கள் புரொஜக்டர் இரவல் கேட்டு அலைந்துகொண்டிருக்கிறார்கள். முதலில் 'பீ', அப்புறம் 'மேற்குத் தொடர்ச்சி மலை' என்று முடிவாகியிருக்கிறது. மூட்டை சரிகிற இடத்தில் படத்தை நிறுத்தி, தோட்டத்து ஆட்களிடம் மைக்கைக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். விழுந்த மூட்டைக்கு யார் கணக்கில் பணம் பிடிப்பார்கள் என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.